மேல்மலைக்குப் போன வினாப்படிவம்

பெண்களுக்கென ஒரு பல்கலைக்கழகம் அமைக்கத் தமிழ்நாடு அரசு 1984இல் சட்டம் கொண்டுவந்தது. அன்னை தெரசாவின் பெயரைத் தாங்கிய அந்தப் பல்கலைக்கழகம் இன்று கொடைக்கானல் அட்டுவம்பட்டியில் இருக்கிறது. பெண்கள் மேம்பாட்டுக்கான திட்டங்களையும் கொள்கைகளையும் வகுப்பதில் ஆலோசனை சொல்வதும் அவை நடக்கும் விதத்தைக் கண்காணிப்பதும் அதன் நோக்கங்களுள் முன்னிற்பவை. பொதுக் கொள்கைப் பகுப்பாய்வு என்று இன்று தனிப் பட்டமாகக் கற்பிக்கப்படும் வேலையை, அந்தப் பெயர் தமிழ்நாட்டில் பரவும் முன்பே, 7,000 அடி உயரத்திலுள்ள ஒரு மலை நகரத்தின் பொறுப்பில் விட்டிருந்தார்கள்.

40 ஆண்டுகள் கழித்து, 2024 ஏப்ரல் இறுதியில், ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இந்த மலைகள் எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று ஆராயும் பணி சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூரு ஐ.ஐ.எம்.முக்கும் போயிற்று. இரண்டும் பெரிய நிறுவனங்கள். அவற்றின் திறமை குறித்து எனக்கு ஐயமில்லை. ஆனால் 1984க்கும் 2024க்கும் இடையில் கொள்கையைப் படிக்கும் முறை எவ்வளவு மாறிவிட்டது, படிக்கும் இடம் எவ்வளவு தள்ளிப் போய்விட்டது என்பதை இந்த இரண்டு செய்திகளையும் அருகருகே வைத்தால் பார்க்க முடிகிறது.

எண்பதுகளின் இறுதியில் மதுரையில் அரசியல் அறிவியல் முதுகலை படித்த எங்களுக்குக் கொள்கைப் பகுப்பாய்வு என்பது பொது நிர்வாகத் தாளின் கடைசி அலகு. தேர்வு நெருங்கும் நேரத்தில் வரும் அலகு. அதற்கு முன்னால் உட்ரோ வில்சனின் 1887ஆம் ஆண்டுக் கட்டுரை, மாக்ஸ் வெபரின் அதிகாரவர்க்கம், ஐந்தாண்டுத் திட்டங்கள், மாவட்ட ஆட்சியரின் கடமைகள் எல்லாம் வரிசையாக நிற்கும். கொள்கை அறிவியல் என்ற துறைக்கு 1951இல் அடித்தளமிட்ட ஹெரால்டு லாஸ்வெல்லின் பெயர் ஒரு பத்தியில் வந்துபோகும். நிர்வாகம் எப்படி இயங்குகிறது என்பதே அன்றைய பாடம். இந்தத் திட்டம் வேண்டுமா, இதனால் யாருக்கு லாபம், யாருக்கு இழப்பு, வேறு வழி இருந்ததா என்ற கேள்விகள் பாடத்தின் ஓரத்திலேயே இருந்தன.

இத்தனைக்கும் பொது நிர்வாகத்தைப் பாடமாக்குவதில் தமிழ்நாடு பிந்தியதில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1937இலேயே அதில் பட்டயப் படிப்பைத் தொடங்கிவிட்டது. டெல்லியில் இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் அமைந்தது 1954இல்தான். 1987இல் குடிமைப் பணித் தேர்வில் பொது நிர்வாகம் தனி விருப்பப் பாடமானதும் மாணவர் கூட்டம் பெருகியது. பெருகியவர்களில் பலருக்கு அது தேர்வுக்கான படிப்பு. மலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை.

ஆவணம் தேடுவது அன்று ஒரு தனி உழைப்பு. திண்டுக்கல் மாவட்டம் 1985 செப்டம்பர் 15இல்தான் பிறந்தது; அதுவரை கொடைக்கானல் மதுரை மாவட்டத்தில் இருந்தது. ஆகவே பழைய கோப்புகள் மதுரையில், புதியவை திண்டுக்கல்லில். ஓர் அரசாணையின் எண் தெரிந்தாலும் அதன் நகலைக் கையில் வாங்க ஓர் எழுத்தரின் நல்ல மனம் வேண்டும். எங்கள் நூலகத்தில் நெல்சன் 1868இல் எழுதிய மதுரை நாட்டுக் கையேடும் பிரான்சிஸ் 1906இல் தொகுத்த மாவட்ட விவரச்சுவடியும் கிடைக்கும். அவற்றுக்குப் பிறகு நேராக 1981 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் கையேட்டுக்குத் தாவ வேண்டும். இடையிலுள்ள முக்கால் நூற்றாண்டில் மலையில் என்ன நடந்தது என்று அறிய ஒரே வழி, மேலே போய் ஆட்களைக் கேட்பது.

அப்படித்தான் நாங்களும் போனோம். ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தின் பயனாளிகளைப் பற்றி ஆய்வேடு எழுத வேண்டியிருந்தது. 1980 அக்டோபர் 2 முதல் நாட்டின் எல்லா ஒன்றியங்களுக்கும் விரிந்த அந்தத் திட்டத்தில், ஏழைக் குடும்பங்களுக்குக் கறவை மாடு, ஆடு, தையல் இயந்திரம் முதலியவை வாங்க மானியத்தோடு வங்கிக் கடன் கொடுத்தார்கள். வினாப்படிவத்தை ஸ்டென்சிலில் தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைல் மையில் உருட்டி, மஞ்சள் பையில் அடுக்கிக்கொண்டு வத்தலக்குண்டில் பஸ் ஏறினோம். ஊத்து, பெருமாள்மலை கடந்து கொடைக்கானல். அங்கிருந்து வேறு பஸ் பிடித்துப் பூம்பாறை. அந்த வட்டாரத்தில் அதை மேல்மலை என்பார்கள். காப்பியும் மலைவாழையும் விளையும் தாண்டிக்குடி, பண்ணைக்காட்டுப் பக்கம் கீழ்மலை.

பூம்பாறையில் படிக்கட்டு வயல்களுக்கு மேலே ஒரு வீட்டுத் திண்ணை. தாளோடு பிடுங்கிக் கட்டிய பூண்டு காய்ந்துகொண்டிருந்தது. அந்த வீட்டு அம்மாள் கடனில் மாடு வாங்கியவர். மாடு எப்போது வாங்கினீர்கள், எத்தனை தவணை கட்டினீர்கள், வருமானம் கூடியதா என்று படிவத்தின் வரிசைப்படி கேட்டு வந்தோம். ஐந்தாறு கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னவர், பிறகு தானே கேட்கத் தொடங்கினார்.

"மாடு குடுத்தாக, சரி தம்பி. புல்லு எங்க இருக்கு? எங்க மாமியா காலத்துல மாடு மேஞ்ச காட்டுல பூரா மரத்த வச்சுட்டாக. அந்த மரத்துக்குக் கீழ ஒண்ணும் முளைக்க மாட்டேங்குது."

அவர் சொன்னது வாட்டில் மரத்தை. தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும், தைல மரத்தோடும் பைனோடும் சேர்த்து, மேல்மலைப் புல்வெளிகளில் வனத்துறை நட்ட மரம். எங்கள் படிவத்தில் இந்தப் பதிலுக்குக் கட்டம் கிடையாது. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டோம். மதுரை திரும்பியதும் எங்கள் வழிகாட்டி முன்பக்க எண்களை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் பின்பக்கத்தை நிதானமாகப் படித்தார். ஊரக வளர்ச்சித் துறை மாடு கொடுக்கிறது, வனத்துறை மேய்ச்சல் நிலத்தை எடுக்கிறது, இரண்டும் ஒரே அரசு. இதைத் தனி இயலாக எழுதுங்கள் என்றார். கொள்கைப் பகுப்பாய்வு என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். பாடப்புத்தகத்தின் கடைசி அலகைவிட அந்த அம்மாளின் நான்கு வாக்கியங்கள் தெளிவாக இருந்தன.

ஆனால் இயல் மூன்று பக்கத்தைத் தாண்டவில்லை. எவ்வளவு புல்வெளி இருந்தது, எவ்வளவு போயிற்று என்று சொல்ல எண் கிடைக்கவில்லை. எத்தனை ஹெக்டேரில் நடப்பட்டது, எவ்வளவு செலவானது என்பவை அரசு அறிக்கைகளில் இருக்கும். நடப்பட்ட இடத்தில் முன்பு என்ன இருந்தது என்பது இருக்காது. மரமில்லாத நிலத்தை வெற்று நிலமாகவே கணக்கெழுதிய காலம் அது. நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு காடாக வேண்டும் என்றது 1952 வனக் கொள்கை. புல்லை மரமாக்குவது அந்த இலக்கை நோக்கிய ஒரு படியாகவே தோன்றியிருக்கும். இலக்கை எட்டினார்களா என்று மதிப்பிடத் தெரிந்திருந்த அன்றைய ஆய்வுமுறையிடம், இலக்கே சரியா என்று கேட்கும் கருவி இருக்கவில்லை.

அந்தக் கருவி அப்போதே வானத்தில் சுற்றிக்கொண்டிருந்தது என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் 1972இல் ஏவப்பட்டது. அடுத்த ஆண்டே அது பழனி மலைகளைப் படம் எடுத்திருக்கிறது. நாங்கள் பூம்பாறைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, எங்கள் மூன்று பக்க இயலுக்கு வேண்டிய சான்று கடல் கடந்த ஒரு கிடங்கில் சுருள்களாகக் கிடந்தது. 2008இல் அந்தப் படங்கள் அனைத்தும் இலவசமாயின. 2018இல் அரசுமணி உள்ளிட்ட ஆய்வாளர் குழு 1973ஆம் ஆண்டுப் படத்தையும் 2014ஆம் ஆண்டுப் படத்தையும் ஒப்பிட்டுக் கட்டுரை வெளியிட்டது. நாற்பது ஆண்டுகளில் பழனி மலைகளின் உயர்நிலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது. மரத் தோட்டங்களும் விவசாயமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. மாமியார் காலத்தைச் சாட்சியாக வைத்து அந்த அம்மாள் சொன்னதற்கு ஒரு தலைமுறை கடந்து எண் கிடைத்தது.

அந்தக் கட்டுரை ஆசிரியர்களில் ஒருவர் ராபர்ட் ஸ்டூவர்ட். வட்டக்கானலில் நெடுங்காலம் தங்கி, சோலை மரக்கன்றுகளையும் புல் வகைகளையும் வளர்த்தவர். எந்தச் சரிவில் எந்த ஆண்டு எது நின்றது என்று நடந்து அறிந்த ஒருவரும், படத்தின் புள்ளிகளைப் பிரித்தறியும் இளைஞர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்ததால்தான் அந்த ஆய்வு இவ்வளவு உறுதியாக நிற்கிறது என்று நினைக்கிறேன். வாட்டில் போன்ற அந்நிய மரங்களை அகற்றிப் பழைய வாழிடத்தை மீட்கத் தமிழ்நாடு அரசு 2022இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. நட்டதும் கொள்கை, பிடுங்குவதும் கொள்கை. இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் மாட்டை விற்றுவிட்டுக் கூலிக்குப் போனவர்களின் கணக்கை இன்னும் யாரும் எழுதவில்லை.

பாதரச விவகாரம் இதே மலையின் இன்னொரு பாடம். நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் இயந்திரங்கள் கொடைக்கானலுக்கு வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். பாண்ட்ஸ் நிறுவனத்தின் ஆலையாகத் தொடங்கி, பின்பு இந்துஸ்தான் லீவர் வசமாயிற்று. அந்தக் காலத்துத் தொழில் கொள்கையின் பார்வையில் அது ஒரு வெற்றி: பின்தங்கிய மலைப்பகுதியில் ஆலை, வேலை, ஏற்றுமதி. வேலைவாய்ப்பு என்ற ஒற்றைப் பத்தியில் அது பதிவானது. நீர் எங்கே வடிகிறது, வேலைக்குப் போகிறவர் எதைச் சுவாசிக்கிறார் என்று கேட்கும் பத்தி படிவத்தில் இல்லை.

2001 மார்ச் 7 அன்று, மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய பொருள் கடையில் 7.4 டன் பாதரசக் கண்ணாடிக் கழிவு கிடந்ததை ஊர்மக்களும் சூழலியல் அமைப்பினரும் வெளிக்கொண்டு வந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்கா போயிற்று. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு 2016 மார்ச்சில்தான் கையெழுத்தானது. ஆலை ஓடிய காலத்துக்கு ஏறக்குறையச் சமமாக, 15 ஆண்டுகள், அதன் பின்விளைவுக்கான போராட்டம் நடந்தது. இன்று கொள்கை படிக்கும் மாணவர்கள் இதை ஒழுங்குமுறைத் தோல்விக்கு எடுத்துக்காட்டாகப் படிக்கலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியக் கடிதங்கள், நிறுவன அறிக்கைகள், ஏரி மீனிலும் வண்டலிலும் பாதரசத்தை அளந்த அணுசக்தித் துறை விஞ்ஞானிகளின் கட்டுரை, எல்லாம் மேசையிலிருந்தே எடுக்கலாம். ஆலைக்குள் வேலை பார்த்தவர்களிடம் முதலில் போய் உட்கார்ந்தவர்கள் பல்கலைக்கழகத்தார் அல்லர் என்பதையும் அந்தப் பாடத்தில் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆவணம் கைக்கு வந்த கதையில் தமிழ்நாட்டுக்கு ஒரு முதலிடம் உண்டு. தகவல் அறியும் உரிமைக்கென நாட்டிலேயே முதலில் சட்டம் செய்த மாநிலம் இதுதான், 1997இல். விலக்குகள் நிறைந்த சட்டம், பெரிதாகப் பயன்படவில்லை. 2005இன் மத்தியச் சட்டம் வந்தபிறகே, 10 ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மாணவி கோப்பைக் கேட்க முடிந்தது. எழுத்தரின் நல்ல மனத்தை நம்பியிருந்த எங்களுக்கு அது பெரிய மாற்றம். அரசாணைகள் இணையத்தில் கிடக்கின்றன. ஐரோப்பாவின் சென்டினல் செயற்கைக்கோள்கள் 5 நாளுக்கு ஒருமுறை, 10 மீட்டர் துல்லியத்தில், கூக்காலையும் கவுஞ்சியையும் படம் எடுத்து இலவசமாகத் தருகின்றன.

ஒன்றில் மட்டும் நாங்கள் முன்னே இருந்தோம். எங்கள் கையில் இருந்த மக்கள்தொகைக் கணக்கு பத்து ஆண்டுக்குள் எடுத்தது. இன்றைய மாணவர் கையில் இருப்பது 2011ஆம் ஆண்டினுடையது: கொடைக்கானல் நகராட்சியில் 36,501 பேர். 2021இல் எடுக்க வேண்டியது தள்ளிப்போய், அடுத்த கணக்கெடுப்பின் நாள் 2027 மார்ச் 1 என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. சென்ற வாரம் எந்தச் சரிவில் மரம் வெட்டப்பட்டது என்று சொல்ல முடிகிற மாணவியால், அந்தச் சரிவுக்குக் கீழே எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று சொல்ல முடியவில்லை.

படிப்பே இன்று வேறு உருவம். பெங்களூரு ஐ.ஐ.எம். 2002இல் பொதுக் கொள்கைக்கென முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. அதே நகரத்தின் தேசிய சட்டப் பள்ளி 2014இல் முதுகலைப் பட்டமே வைத்தது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தில் இளைஞர்கள் அரசுத் துறைகளோடு வேலை செய்துகொண்டே கொள்கை, மேலாண்மை படிக்கிறார்கள். செலவு-பலன் கணக்கு, ஒட்டுறவுப் பகுப்பாய்வு, ஒரு பகுதியில் திட்டத்தைக் கொடுத்து இன்னொரு பகுதியில் கொடுக்காமல் வைத்து ஒப்பிடும் சோதனை முறை எல்லாம் பாடத்தில் உண்டு. கடைசி அலகாக இருந்தது இரண்டாண்டுப் படிப்பாகியிருக்கிறது.

அரசும் அதற்கேற்ப நடக்கப் பழகியிருக்கிறது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது ஊரகத்துச் சிறு குழந்தைகள் எல்லாருக்கும் ஒரே வீச்சில் சோறு போடப்பட்டது. செலவைக் காட்டிப் பலர் எதிர்த்தார்கள், மதிப்பீடுகள் பின்னால் வந்தன. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது மலைப்பகுதிப் பள்ளிகளையும் சேர்த்து 1,545 பள்ளிகளில் முதலில் நடத்திப் பார்த்தார்கள். 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் விரித்தார்கள். இரண்டாவது முறை கவனமானது. முதலாவதில் இருந்த துணிச்சலும் எனக்குப் பிடித்தமானது. பசித்த குழந்தையை ஒப்பீட்டுக் குழுவில் வைத்துக் காத்திருக்கச் சொல்லாத கொள்கை அது.

சமீபத்தில் மன்னவனூரில் ஒரு மாணவர் குழுவைப் பார்த்தேன். வெளி மாநிலத்திலிருந்து வந்தவர்கள். ஓரிருவருக்குத் தமிழ் தெரியும். கையில் தாள் கிடையாது, ஆளுக்கொரு செல்போன். சுற்றுலாவால் வருமானம் கூடியதா என்பது அவர்கள் கேள்வி. கேரட் வயலில் நின்ற பெரியவர், ராத்திரி காட்டுமாடு இறங்கி வயலை மிதிப்பதைப் பற்றியே பேசினார். செயலியில் பதிலைத் தொடாமல் அடுத்த கேள்விக்கு நகர முடியாது. அந்தப் பெண் கொஞ்சம் தயங்கி, "தாத்தா, நீங்க சொல்றத ரெக்கார்ட் பண்ணிக்கலாமா?" என்று கேட்டுப் பதிவு செய்துகொண்டாள். மறுநாள் காலை எல்லாருடைய செல்போனிலும் காட்டுமாடு பற்றி ஒரு கேள்வி கூடியிருந்தது. இரவே படிவத்தை மாற்றியிருந்தார்கள். ஸ்டென்சில் வெட்டிய பிறகு ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாத எங்களுக்கு இது வாய்க்கவில்லை. ஒவ்வொரு பதிலோடும் இடமும் நேரமும் பதிவாகிவிடுவதால் மேய்ச்சல், காட்டுமாடு, மரத் தோட்டம் மூன்றையும் ஒரே வரைபடத்தில் போட்டு அந்தப் பெண் காட்டினாள். அபாரமான வேலை. அன்று மதியமே அவர்கள் வேன் ஏறிவிட்டார்கள். அறை வாடகை அதிகம், சீசன் நேரம், அடுத்த பாடத்தின் தேதி நெருங்கிவிட்டது. பெரியவரிடம் இரண்டாம் முறை பேச நேரமில்லை. முதல் நாள் கேள்விக்குப் பதில் சொல்லும் மேல்மலைக்காரர், மூன்றாம் நாள் டீ கொடுத்து உட்கார வைத்துத்தான் தன் கேள்வியைச் சொல்வார்.

மலையடிவாரத்துக்கு அப்பால், சின்னாளப்பட்டி அருகே இருக்கும் காந்திகிராமம் இதை முன்பே உணர்ந்திருந்தது. சௌந்திரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில், 1956இல் கிராமியக் கல்வி நிலையம் அமைந்து, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்குவது அங்கே பாடத்தின் பகுதி. அரசியல் அறிவியல் படிப்பவரும் தங்க வேண்டும், வேதியியல் படிப்பவரும் தங்க வேண்டும். 1994 ஊராட்சிச் சட்டம் வந்து, 1996இல் தேர்தல் நடந்து, மூன்றில் ஒரு பங்கு இடங்களில் பெண்கள் வந்து அமர்ந்தபோது, அவர்களுக்கான பயிற்சியிலும் ஆய்விலும் பேராசிரியர் க. பழனித்துரை போன்றவர்கள் அங்கிருந்து ஆற்றிய பணியைத் தமிழ்நாட்டு உள்ளாட்சித் துறையில் எல்லாரும் அறிவர். 2016இல் பெண்களுக்கான பங்கு பாதியாக உயர்த்தப்பட்டது. கேள்விப் படிவத்துக்குப் பதில் சொல்லும் இடத்திலிருந்து, தீர்மானத்தில் கையெழுத்திடும் இடத்துக்குப் பெண்கள் நகர்ந்த காலம் இது. அதைப் படிக்க வேண்டிய பாடம் பெங்களூருவில் இல்லை.

வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே உள்ள சுங்கச்சாவடியில் இப்போது வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி, செல்போனில் இருக்கும் இ-பாஸை நீட்டுகிறார். ஊழியர் அதன் கட்டத்தை ஸ்கேன் செய்கிறார். பச்சை வந்தால் போகலாம். பாஸ் எடுக்காமல் வந்தவர் ஓரத்தில் நிறுத்தி அங்கேயே பதிவு செய்கிறார். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாள்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 என்று நீதிமன்றம் உச்ச வரம்பு வைத்தது. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துக்கும் விளைபொருள் ஏற்றிவரும் லாரிகளுக்கும் வரம்பு இல்லை. எங்கள் காலத்தில் இந்தச் சாலையில் எத்தனை வண்டி ஏறியது என்று கேட்டால், சாவடியில் ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையை எண்ண வேண்டும். இன்று ஊர், வண்டி வகை, தங்கும் நாள் எல்லாம் ஏறுமுன்பே பதிவாகிவிடுகின்றன. மலையைப் பற்றி இவ்வளவு தகவல் இதற்கு முன் ஒரு நாளும் திரண்டதில்லை.

வரம்பு வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. மே மாதச் சனிக்கிழமையில் பெருமாள்மலையிலிருந்து ஏரி வரை ஊர்ந்து போனவர் யாரும் அதை மறுக்கமாட்டார். 1990இல் மலைப்பகுதிகளின் கட்டடங்களைக் கட்டுப்படுத்தக் குழு அமைத்தும், 1993இல் கொடைக்கானலுக்கு முழுமைத் திட்டம் தீட்டியும் அடங்காத நெரிசலுக்கு ஏதேனும் ஒரு கடிவாளம் தேவைதான். என் கவலை அளவுகோலைப் பற்றியது. தாங்குதிறனை வண்டியில் எண்ணுகிறோம். ஏரிக்கரையில் சோளக்கருது வேகவைத்து விற்கும் பெண்ணுக்கு வார நாளில் எத்தனை குறைந்தது, காட்டேஜில் அறை துடைக்கும் பெண்ணின் வேலை நாள் குறைந்ததா, சீசனில் லாரித் தண்ணீர் ஓட்டல்களுக்குப் போனபின் அவர்கள் தெருவுக்கு எத்தனை மணிக்கு வந்தது, கேரட் விலை சந்தையில் எப்படி அசைந்தது என்பவை சாவடி இயந்திரத்தில் ஏறாது. ஏறாதவை கொள்கையிலும் ஏறுவதில்லை. புல்வெளி விஷயத்தில் நடந்தது அதுதான்: மரத்தை எண்ணினார்கள், மாட்டை எண்ணினார்கள், இரண்டுக்கும் நடுவில் நின்ற பெண்ணை யாரும் கேட்கவில்லை.

இந்தக் கணக்கை எடுக்க வசதியான இடம் அட்டுவம்பட்டி. அங்கே பெண்ணியல் துறை இருக்கிறது, பொருளியல் துறை இருக்கிறது. மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்து படிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை, அறை வாடகை தேவையில்லை, மூன்றாம் நாள் டீக்குக் காத்திருக்க நேரமும் உண்டு. ஒரு கல்வியாண்டு முழுக்க, சீசனிலும் மழையிலும் பனியிலும், ஒரே நூறு வீடுகளுக்கு மாதம் ஒருமுறை போய்வர அவர்களால் முடியும். வேன் ஏறிப் போகும் எந்தக் குழுவாலும் அது முடியாது. செயற்கைக்கோள் படத்தைப் படிக்கவும் செயலியில் படிவம் கட்டவும் ஒரு பருவப் பயிற்சி போதும். மன்னவனூருக்கு வந்த மாணவர்கள் அதை எங்கோ ஒரு வகுப்பில் கற்றுக்கொண்டவர்கள்தான்.

தாங்குதிறன் ஆய்வுக்கு முறையான துணை ஆய்வாக இதைச் சேர்க்கும்படி அரசே பல்கலைக்கழகத்தைக் கேட்கலாம். சாவடியில் திரளும் இ-பாஸ் பதிவுகளை, ஆள் பெயரையும் வண்டி எண்ணையும் நீக்கிவிட்டு, மாதந்தோறும் அதற்குக் கொடுக்கலாம். ஆலோசனை சொல்வதும் கண்காணிப்பதும் அதன் நோக்கங்கள் என்று எழுதி வைத்திருப்பதால், புதிதாகச் சட்டம் எதுவும் வேண்டியிராது. ஏப்ரல் சீசனுக்கு முன் முதல் சுற்றை முடிக்க வேண்டுமானால், வீடுகளின் பட்டியலைத் தை மாதத்திலேயே எடுக்கத் தொடங்க வேண்டும்.